சுவரில் நான் ஒட்டிய கட்டணப் பட்டியல்

எனக்குக் காசு கேட்க வராது. பெருமையாகச் சொல்லவில்லை; சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு சைக்கிள் வராது, அந்த மாதிரி. "எவ்வளவு ஆச்சு?" என்று யாராவது கேட்டால் போதும், என் வாய் தானாகவே "அட, அதுக்கென்ன, விடுங்க" என்று சொல்லிவிடும். உள்ளே மனசு நின்றுகொண்டு "அடிப்பாவி, ஆறு ரூபாய்னு சொல்லேன்டி" என்று கத்தும். வாய் கேட்காது. இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை துணிந்து கட்டணம் நிர்ணயித்தேன். அதற்குப் பதிலாகப் பேசாமல் வீட்டுக்கு நெருப்பு வைத்திருக்கலாம். அணைக்கவாவது நாலு பேர் வந்திருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. ஹைதராபாத் பக்கம், ராமச்சந்திராபுரம் தொழிற்சாலை டவுன்ஷிப்பில் எங்களுக்குக் கீழ் வீடு. இவர் (என் கணவர்தான்; பேரைச் சொல்ல இப்போதும் எனக்கு நாக்கு கூசும்) சம்பளப் பிரிவில் குமாஸ்தா. மேல் வீட்டில் வசந்தா, அவள் கணவர் மோகன், ஆறு வயது மகள் லதா. இவர்களும் வேலூர்ப் பக்கம், நாங்களும் வேலூர்ப் பக்கம். அதனால் சுவர்தான் குறுக்கே இருந்ததே தவிர, குழம்புக்கு ஒரே ருசி.

வசந்தாவுக்குத் தொழிற்சாலை ஆபீசிலேயே டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். கம்பெனி பஸ் காலை ஆறே முக்காலுக்கு. லதாவின் பள்ளிக்கூடமோ ஒன்பது மணிக்கு. நடுவில் அந்தக் குழந்தையை என்ன செய்வது? முதல் மாதத்திலேயே இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டு லேட்டாகப் போய் நின்றாள்.

"மூணாவது தடவை ஆச்சுன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்களாம் சரோ," என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"லதா இனிமே என் பொறுப்பு. உனக்கு மூணாவது தடவைன்னு ஒண்ணு வரவே வராது. வந்தா என்னைக் கேளு," என்றேன் நான். (வாயா அது!)

அன்றிலிருந்து காலை ஆறரைக்கு லதா தூக்கக் கலக்கத்தோடு வருவாள். பால் கொடுத்து, தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் விடுவேன். மூன்றரைக்குத் திரும்பக் கூட்டிவந்து, பிஸ்கட் கொடுத்து, ஐந்தரை வரை வைத்திருப்பேன். இது வெளியே தெரிந்ததும், தொழிற்சாலை ஆஸ்பத்திரி நர்ஸ் சுலோச்சனா தன் இரட்டைப் பையன்களைக் கொண்டுவந்து விட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஃபரீதா தன் மகன் சலீமை விட்டாள். என் மகன் சேகருக்கு அப்போது மூன்று வயது. ஆக ஐந்து உருப்படி.

"எவ்வளவு தரணும்?" என்று மூவரும் கேட்டார்கள். "அட, பார்த்துக் கொடுங்க" என்றேன். அவர்களும் பார்த்தே கொடுத்தார்கள். சுலோச்சனா மாதம் ஒரு ஜாடி ஆவக்காய். ஃபரீதா வெள்ளிக்கிழமைதோறும் தட்டு நிறைய ஏதாவது இனிப்பு. வசந்தா எனக்கு ரவிக்கை தைத்துத் தருவாள். நாலு மாதத்தில் என்னிடம் நாலு ஜாடி ஊறுகாயும் ஒன்பது ரவிக்கையும் சேர்ந்தன. பால் பூத்தில் பாக்கியும் சேர்ந்தது. பால்காரர் ரவிக்கை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாரே!

"ஏதாவது ஒரு ரேட்டு சொல்லித் தொலையேன்," என்றார் இவர்.

எனக்குச் சனி பிடித்தது அங்கேதான். எல்லாருக்கும் ஒரே ரேட்டு என்று வைத்தால் அது நியாயமாக எனக்குப் படவில்லை. டவுன்ஷிப்பில் எதுதான் எல்லாருக்கும் ஒன்று? வீடு சம்பள கிரேடைப் பொறுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் கிரேடைப் பொறுத்தது. கிளப்பில் பிரம்பு நாற்காலியா இரும்பு நாற்காலியா என்பதுகூட கிரேடுதான். சம்பளம் அதிகமானால் கட்டணம் அதிகம், குறைவானால் குறைவு. இப்படி ஒரு யோசனை டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே வராது என்று எனக்குப் புல்லரித்தது.

ஆனால் யார் எந்த கிரேடு? இவருக்குத் தெரியும். இவர் சொல்ல மாட்டார். சம்பளப் பிரிவு விஷயம் ஒரு வார்த்தைகூட வீட்டு வாசற்படி ஏறியது கிடையாது.

"நீங்க வாயே திறக்க வேணாம். நான் சொல்றேன், தலையை மட்டும் ஆட்டுங்க. சலீம் அப்பா எட்டா?"

பேப்பருக்குப் பின்னால் தலை ஆடியது.

"இரட்டைப் பசங்க அப்பா ஏழு?"

ஆடியது.

"நம்ம மோகன் ஆறு?"

ஆடவில்லை.

"அஞ்சா?"

கொஞ்ச நேரம் கழித்து ஆடியது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கவனித்திருக்க வேண்டும். நான் எங்கே கவனித்தேன்! வசந்தாவுக்குக் குறைவான கட்டணம் வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சேகரின் கலர் பென்சிலை எடுத்து, டிராயிங் தாளில் கட்டம் போட்டு எழுதினேன். பிள்ளை பெயர், தகப்பனார் கிரேடு, பள்ளிக்கு முன், பள்ளிக்குப் பின், மொத்தம். எட்டுக்குப் பதினெட்டு ரூபாய், ஏழுக்குப் பதினைந்து, ஐந்துக்குப் பத்து. (இரட்டையருக்கு இரண்டாவது பிள்ளை பாதி.) கீழே "பஞ்சப்படி பின்னர் அறிவிக்கப்படும்" என்றுகூட எழுதினேன். அழகு பார்த்துவிட்டு, கூடத்துச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை. மூன்று அம்மாக்களும் சேர்ந்தாற்போல வந்தார்கள். முதலில் ஃபரீதா எண்களைப் பார்த்தாள்.

"பதினெட்டா? கைக்கு? மேரா சலீம் தோ மூ சே காதா க்யா?" (எதற்கு, அவன் என்ன இரண்டு வாயாலா சாப்பிடுகிறான் என்கிறாள்.)

சுலோச்சனா தமிழும் தெலுங்குமாக ஆரம்பித்தாள். "ஏமண்டி ஃபரீதா, உங்க வீட்டுக்காரர் எட்டா? எங்க வீட்டுக்காரர்கூட ஒண்ணாத்தானே சேர்ந்தாரு? அதெப்படி எட்டு?"

"ஹவ், ஆமா, எட்டுதான். உனக்கு என்ன?"

அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள, வசந்தா தாளில் லதாவின் வரியைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரோ, தப்பா எழுதிட்டே பாரு. எங்க வீட்டுக்காரர் ஆறு. சார்ஜ்மேன் ஆயிட்டாரே. போன தீபாவளிக்கு முன்னாடி லட்டு கொடுத்தோமே, நீ நாலு தின்னியே!"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி என்ன செய்திருப்பாள்? "அய்யய்யோ, மறந்துட்டேன்" என்று ஐந்தை ஆறாகத் திருத்தியிருப்பாள். பென்சில் கையிலேயே இருந்தது. நான் என்ன செய்தேன்? என் பட்டியலில் தப்பா என்று ரோஷம் வந்துவிட்டது.

"இல்ல வசந்தா, அஞ்சுதான். நான் இவர்கிட்ட கேட்டு சரிபார்த்துத்தான் எழுதினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் லட்டு எனக்குத் தொண்டையில் வந்து நின்றது.

சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் நிறுத்திவிட்டார்கள். வசந்தா அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். அப்புறம் படிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தினமும் சாயந்திரம் எட்டு மணி வரைக்கும் சூப்பர்விஷன்னு சொல்றாரே..." என்றாள், எங்களிடம் இல்லை.

பிற்பாடு தெரிந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி மோகன் லட்டு வாங்கிவிட்டார். பட்டியலில் பெயர் வரவில்லை. கொடுத்த லட்டைத் திருப்பிக் கேட்க முடியுமா? அன்றிலிருந்து ஓவர்டைம் பார்த்து, ஆறாம் கிரேடு சம்பளம் மாதிரியே கொண்டுவந்து வசந்தா கையில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. ஃபரீதாவும் சுலோச்சனாவும் ஓடினார்கள். வசந்தா படியேறி மேலே போனாள்.

"வசந்தா, பஸ்! வசந்தா, மூணாவது தடவை!" என்று படிக்கட்டின் அடியிலிருந்து கத்தினேன்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பஸ் இரண்டாவது தரம் ஹார்ன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

இத்தோடு முடிந்ததா? சாயந்திரம் பிள்ளைகளை அழைத்துவந்து பிஸ்கட் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பாயில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முதலில் சலீம், அப்புறம் இரட்டையர், பாய் முடிந்து தரையில் லதா.

"என்னடா இது?"

"கிரேடு ஆன்ட்டி!" என்றான் இரட்டையரில் ஒருவன், சுவரைக் காட்டி. "சலீமுக்கு ஃபஸ்டு. லதாவுக்கு லாஸ்ட்டு."

லதா முழங்காலைக் கட்டிக்கொண்டு, "நான் அஞ்சுதானே ஆன்ட்டி, பரவால்ல," என்றாள்.

அந்தத் தாளை நான் கிழித்த வேகத்தில் காலண்டரும் சேர்ந்து வந்துவிட்டது. வாசலில் நிழல் தட்டியது. மோகன். அந்த நேரத்தில் அவரை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. என் கையில் இருந்த கிழிசலைப் பார்த்தார். லதாவைத் தூக்கிக்கொண்டார்.

"லட்டு நல்லா இருந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு தம்பி."

"அதோட விட்டிருக்கலாமேக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சொன்னது, சட்டையில் மை கொட்டிவிட்டதே என்று சொல்வது போல இருந்தது.

அந்த வாரமே வசந்தாவின் சீட்டு கிழிந்தது. அதே வாரம் இவருக்கு மெமோ: சம்பள விவரம் வெளியே போனது எப்படி என்று. "தலையை ஆட்டினேன்" என்று பதில் எழுத முடியுமா? எப்படியோ எழுதினார். சம்பளப் பிரிவிலிருந்து தூக்கிக் கேன்டீன் கூப்பன் எண்ணுகிற இடத்தில் போட்டார்கள். ஃபரீதா கணவரின் எட்டு எப்படி வந்தது என்று ஒரு தொழிற்சங்கக் கூட்டமே நடந்ததாம். சலீமும் வரவில்லை, இரட்டையரும் வரவில்லை. ஐந்து உருப்படியில் மிஞ்சியது என் உருப்படி மட்டும்.

மேலே போய் வசந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"நீ பொய் சொல்லியிருந்தா உன்கூட சண்டை போட்டு, ரெண்டு நாள்ல சரியாயிருப்பேன் சரோ. நீ நிஜத்தைச் சொல்லிட்டே. இதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

அடுத்த மாதம் டவுன்ஷிப்பின் அந்தக் கோடியில் வேறு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாமான் இறக்கும்போது உதவப் போனேன். நான் தூக்கிய வாளியை மோகன் மரியாதையாக வாங்கிக் கீழே வைத்தார்.

எங்கள் வீட்டில் இது பெரிய சிரிப்புக் கதையாகிவிட்டது. விருந்தாளி யார் வந்தாலும் "எந்த கிரேடு? உட்காருகிற இடம் அதைப் பொறுத்தது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இவர் மட்டும் ஒரு கட்டுப்பாடு போட்டார்: யார் பெயரும் சொல்லக்கூடாது. அதனால் மூன்று வயதுப் பிள்ளையாக அங்கேயே உட்கார்ந்திருந்த சேகருக்குக்கூட, "மேல் வீட்டு அஞ்சாம் கிரேடு" என்று மட்டும்தான் தெரியும்.

ரொம்ப வருஷம் கழித்து செகந்திராபாத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர் வரிசையில் வசந்தா. தலை நரைத்திருந்தது. பக்கத்தில் லதா, புடவையெல்லாம் கட்டி, தெலுங்கும் இங்கிலீஷுமாக என்னை விசாரித்தாள். சின்ன வயதில் என் வீட்டில் இருந்தது லேசாக ஞாபகம் இருக்கிறதாம். வசந்தா தலையை ஒரு முறை அசைத்ததோடு சரி.

சேகருக்கு இலையும் எதிரே ஆளும் கிடைத்தால் போதுமே. "எங்க அம்மா ரேட்டு போட்ட கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டான். நான் காலால் உதைத்தேன். பக்கத்து இலைக்காரர் காலை இழுத்துக்கொண்டார். பஞ்சப்படி, ஒன்பது ரவிக்கை, பாய் வரிசை, எல்லாம் சொல்கிறான். பந்தியே சிரிக்கிறது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் லதா. கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"அய்யோ பாவம் ஆன்ட்டி, அந்த அஞ்சாம் கிரேடு பாப்பா யாரு?"

வசந்தாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"ஞாபகம் இல்லம்மா," என்றேன். "யாரோ வடக்கத்திக்காரங்க. அப்பவே மாற்றலாகிப் போயிட்டாங்க."

லதா நம்பிவிட்டு மோருக்குக் கை காட்டினாள். வசந்தா நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி," என்றாள்.

அத்தனை வருஷத்துக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இலையைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னிடம் சொன்னதாகவே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.