சிக்னலை மறித்த ஆவி

2010ஆம் ஆண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரே கூட்டம். கடலூர் முதுநகரிலிருந்து சுமோவில் வந்து இறங்குவார் சிக்னல் சித்தர் சாமிக்கண்ணு. பேய் ஓட்டுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. ஒயர்லெஸ்ஸில் புகுந்த பேயை ஓட்ட இவர் ஒருவர்தான். விஞ்ஞானம் வளர வளரப் பேய்களும் படிக்கின்றன போலும்!

இடம், கலியமூர்த்தியின் இறால் பண்ணை. ஐந்து குட்டைக்கும் ஐந்து பெட்டிகள். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று, கொட்டகையிலுள்ள கம்ப்யூட்டருக்குக் கம்பியில்லாமலே எண்களாகச் சேதி அனுப்பும். கம்பெனிக்காரர்கள் அவற்றை ஆள் உயரக் கம்பங்களில் மாட்டிவிட்டுப் போனார்கள். விலை உயர்ந்த சாமானாயிற்றே, போகிறவர் வருகிறவர் கண் படாதா? கலியமூர்த்தி கம்பங்களைப் பிடுங்கினார். பெட்டிகளைக் கரைச் சரிவில் புல்லுக்குள் ஒளித்து வைத்தார். கண் படவில்லை. சிக்னலும் போய்ச் சேரவில்லை. நான்கு பெட்டிகள் விட்டுவிட்டுப் பேசின. தொலைவிலிருந்த மூன்றாம் குட்டைப் பெட்டி அடியோடு ஊமையாகிவிட்டது.

முதல் வெள்ளி வந்து இறங்கியதும் சித்தர் கண்ணை மூடினார். "மூணாம் குட்டைக்கு யாரு காவலு?"

"சவரியம்மா, சாமி. புருஷன் சுனாமியில போயிட்டான்" என்றார் கலியமூர்த்தி.

"அவந்தான்! குறுக்க நிக்கறான்."

செத்துப்போன அந்தோணிசாமி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன கிறிஸ்தவர். அதனாலென்ன, தட்சிணைக்கு மதம் ஏது?

சித்தர் ஆறடிச் சூலத்தைக் கரையில் நட்டார். பெட்டியை அதன் உச்சியில் கட்டிக் கற்பூரம் காட்டி, "பேசு!" என்றார். கம்ப்யூட்டரில் எண்கள் ஓடின. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசை முடிந்ததும் சூலம் சுமோவுக்குப் போனது, பெட்டி புல்லுக்குப் போனது, சிக்னல் போன இடம் தெரியவில்லை. "திரும்ப வந்துட்டான்யா!" என்றார்கள். நான்கு வெள்ளிக்கிழமை இதே கூத்து.

ஐந்தாம் வெள்ளி, சூலத்தை நடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்தது. "அந்தப் பொம்பள இங்க இருக்கறவரைக்கும் அவன் போவமாட்டான். வேலைய விட்டு அனுப்பு."

கலியமூர்த்தி தலையாட்டினார். சவரியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கடல் புருஷனைக் கொண்டுபோன பிறகு அவளுக்கு இருந்த ஒரே பிழைப்பு இந்தக் காவல்தான்.

"போறேன் மொதலாளி. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு."

வேலி கட்ட வைத்திருந்த சவுக்குக் கழி ஒன்றை இழுத்துவந்து, சூலம் நடும் இடத்தில் நட்டாள். பெட்டியை உச்சியில் கட்டினாள். மந்திரமும் இல்லை, கற்பூரமும் இல்லை.

"கம்ப்யூட்டர பாருங்க!"

எண்கள் ஓடின.

சித்தர் சமாளித்தார். "எஞ் சூலம் நின்ன எடம்மா அது. சக்தி மண்ணுல எறங்கியிருக்கு."

"அப்படியா? கழிய எடுத்துடறேன். பொட்டிய அதே மண்ணுல வைக்கறேன். மந்திரத்த மட்டும் சொல்லிப் பேச வைங்க."

சொன்னார். உரக்கச் சொன்னார். வேர்த்து வழியச் சொன்னார். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"ஒசரத்துல கட்டுனா பேசுது, கீழ வச்சா பேசல. நாலு வாரமா பாக்கறேன், மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். இதுல எம் புருஷன் எங்க வந்தாரு?"

மீன் வியாபாரி பக்கிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யோவ், முதுநகர்ல மாடி மாடியா ஏறி டீவி ஆன்டெனா கட்டுன சாமிக்கண்ணுதான நீ? ஒசரத்த பத்தி ஒனக்கா தெரியாது!"

சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுமோவை நோக்கி ஓடினார். சூலத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கலியமூர்த்தி அசடு வழிந்தார். "மனசுல வச்சிக்காத சவரியம்மா. நீயே காவலுக்கு இரு. அந்தக் கழியில ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் கட்டிடலாமா?"

"செத்தவரு குறுக்க நிக்கறாருன்னு எவனோ சொன்னத நம்புனீங்க. உசுரோட நிக்கற நான் சொன்னத ஒரு நாளாவது காதுல வாங்குனீங்களா மொதலாளி?"

வாங்கவில்லை. ஒரு கழியை நட்டுப் பார்க்கச் சோம்பல்பட்டு, செத்த மனிதன் மேல் பழியைப் போட்ட ஊர் இது. கம்ப்யூட்டர் வாங்கினால் போதாது, மகாஜனங்களே! யோசிக்கிற வேலையை அதுவும் உங்களிடம்தான் விட்டிருக்கிறது.