ஒன்ஸ்மோர் மேனேஜர்

சங்கீதம் தெரியாத சங்கீத மேனேஜர்களில் எங்கள் ஒன்ஸ்மோர் மேனேஜருக்கு இணையாக ஒருவர் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை. கிளாரினெட்டுக்கும் கார்னெட்டுக்கும் வித்தியாசம் கேட்டால், "ஒண்ணு கறுப்பு, ஒண்ணு மஞ்சா. வேற இன்னா கீது?" என்பார்.

ராயபுரத்தில் ஒரு சைக்கிள் கடை வாசல் பெஞ்சுதான் எங்கள் பேண்டு செட்டின் ஆபீஸ். கல்யாணமோ சாவோ, பேசி முடிப்பது அவர். ஊதுவது நாங்கள். கிளாரினெட் அடியேன். பாட்டு முடிந்ததும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "ஒன்ஸ் மோர்!" என்று கத்துவார். உடனே இடம் மாறிப் பொம்பளைக் குரலில் ஒன்று. இருமிக்கொண்டே கிழவர் குரலில் ஒன்று. எனக்கு ஊரெல்லாம் ரசிகர்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், போங்கள்!

பழக்கதோஷம் பொல்லாதது. திருவொற்றியூரில் ஒரு பெரியவரின் சாவு. உருக்கமாக ஊதி முடித்தோம். பின்னாலிருந்து, "ஒன்ஸ் மோர்!"

செத்தவரின் மகன் திரும்பினான். "டேய், எங்க நைனா இன்னொருவாட்டி சாவணுமா?"

டோல்கேட் வரை ஓடினோம். பெரிய டிரம்மைச் சுமந்தவன் பாடுதான் பாவம்.

இந்த லட்சணத்தில் நான் பிலோமினாவைக் கட்ட ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா ரயில்வே ஃபிட்டர், கறாரான மனுஷர். "பீப்பி ஊதறவன எவன் மதிப்பான்? மாதா திருநாள்ல நீ ஊதறப்ப வந்து பாக்கறேன். ஜனம் மதிச்சா பொண்ணு. இல்லாங்காட்டி நடையக் கட்டு" என்றுவிட்டார்.

திருநாளன்று பார்த்து மேனேஜருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகு, பனங்கற்கண்டு எதற்கும் மசியவில்லை. "பயப்படாத நைனா, நான் கீறேன்" என்றார், வெறும் காற்றாக.

கிளாரினெட் இரண்டு இடத்தில் கீச்சிட்டது. ஊதி முடித்தேன். ஈ காக்கை வாய் திறக்கவில்லை. பிலோமினாவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போச்சு, எல்லாம் போச்சு!

மேனேஜர் பொரிக்கடை ஸ்டூலில் ஏறினார். கழுத்து நரம்பு புடைக்க, "ஒ...ன்ஸ்... மோ..." என்றார். காக்கை தோற்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. எவனோ ஒருவன் அதே குரலில், "ஒன்ஸ் மோர்!" என்றான். வேடிக்கைக்காக ஊரே பிடித்துக்கொண்டது. போனவர் நின்றுவிட்டார். மறுபடி ஊதினேன், கீச்சே இல்லாமல். கல்யாணம் நடந்தது.

சில வருஷம் கழித்து மேனேஜர் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்ட வாசலில் ஊதி முடித்துத் தலைகுனிந்து நின்றோம்.

"ஒன்ஸ் மோர்!"

தூக்கிவாரிப் போட்டது. கத்தியது என் மாமனார்!

"இன்னா மாமா இது?"

"இன்னா பாக்கற? உன் பீப்பிக்கா பொண்ணு குடுத்தேன்? உனுக்காவ ஒருத்தன் தொண்ட கிழியக் கத்தினான் பாரு, அதுக்குக் குடுத்தேன். ஊதுறா!"

ஊதினேன். அழுதுகொண்டே கிளாரினெட் வாசிக்க வராது. எத்தனை இடத்தில் கீச்சிட்டதோ. நல்லவேளை, மேனேஜருக்கு வித்தியாசம் தெரியாது.