மழையில் நனைந்த ஒட்டகம்

மேடையேற இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. பாடகர் ஒப்பனை அறையில் குட்டி போட்ட பூனையாக உலாத்திக்கொண்டிருந்தார்.

அவரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோன பாட்டு, ஒரு படத்தைப் பார்த்து உருகி அவரே எழுதிப் பாடியது என்று ஊரே அறியும். படம் வந்து இருபத்தைந்து வருடமாகிறது. இன்று அதன் இயக்குநரே ஆயிரம் பேர் முன்னிலையில் அவரைக் கேள்வி கேட்கப்போகிறார். வெளியே தெரியாத சங்கதி ஒன்றுதான். படம் தொடங்கிய பத்தாவது நிமிடமே பாடகர் தியேட்டரில் குறட்டை விட்டுவிட்டார். வீடு திரும்பும் வழியில் மனைவிதான் கதை சொன்னாள்.

"அந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லேன்."

மூலையில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "ஒரு தடவ சொன்னதே போதும்."

செல்போனில் படத்தைப் போட்டார். விளம்பரம் முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் ஒப்பனைக்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க அந்தப் படம் பாத்திருக்கீங்களா?"

"பாக்காமயா சார். ஒட்டகம் சாகுற எடத்துல அழுதுட்டேன்."

பாடகருக்கு வியர்த்துக் கொட்டியது, போட்ட பவுடரெல்லாம் கழுத்தில் வழிந்தது. மனைவி சொன்ன கதையில் ஒட்டகமே கிடையாது. சரி, மறந்திருப்பாள், நாமே சேர்த்துக்கொண்டால் போயிற்று என்று தேற்றிக்கொண்டார்.

மேடையில் இயக்குநர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "எந்த சீன் சார் உங்கள எழுத வச்சுது?"

"அவ பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல மூணு மணி நேரம் நிக்கிறாளே, அந்த மழைதான். ஒடஞ்ச குடைக்கம்பிய ரிப்பன் போட்டுக் கட்டியிருப்பா. வர்றேன்னு சொன்னவன் கடைசி வரைக்கும் வரல." இயக்குநரின் முகம் போகும் போக்கைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தார். "பக்கத்துல அந்த ஒட்டகமும் நனையுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"படம் முழுக்க பாலைவனம் சார். பஸ் ஸ்டாண்டும் கெடையாது, மழையும் கெடையாது" என்றார் இயக்குநர் பாவமாக. "உங்க பாட்டுல வர்ற மழைன்னா தாகம்னு நான் இத்தன வருஷமா பேட்டி குடுத்துட்டிருக்கேன்."

"எங்க ஏரியா தியேட்டர்ல வேற மாதிரி ஓட்டினாங்க" என்று ஒரு போடு போட்டார் பாடகர். அதற்கு எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடமாயிற்று. இருபத்தைந்து வருடமாகச் சேர்த்த பேர் கண்ணெதிரே கப்பலேறியது.

காரில் ஏறியதும் மனைவி மேல் பாய்ந்தார். "நான்தான் தூங்கிட்டேன். நீ முழிச்சுட்டுதானே இருந்த? இல்லாத கதைய எதுக்குச் சொன்ன?"

அவள் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, ஓடிப்போயிடலாம், பெட்டியோட பஸ் ஸ்டாண்டுக்கு வான்னு சொன்னது நீங்கதான். ஞாபகம் வருதான்னு பாக்கத்தான் சொன்னேன். நீங்க பாட்டு எழுதிட்டீங்க."