என் இடது காது விஷயமாக அக்காவுக்கு

எனக்கு முன்னே பிறந்து, இன்றுவரை எனக்காக முன்னே நின்று பேசும் அன்பு அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். என் மானம் மட்டும் சில நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

மருந்துக் கிடங்கை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து நான் வேலை தேடுவது உனக்குத் தெரியும். "இந்தக் காலத்துல யாருப்பா பேப்பர்ல எழுதி அனுப்பறாங்க?" என்று என் மகள், வேலை கொடுப்பவர்களும் தேடுபவர்களும் கூடுகிற ஓர் இணையதளத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். அவள் ஆபீசுக்குப் போனபின் நானே அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது, 'உங்களைப் பற்றி, விருப்பமிருந்தால் மட்டும்' என்று ஒரு பக்கம் திறந்தது. ஆணா பெண்ணா, எந்த இனம், மாற்றுத்திறன் ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து என் இடது காது போன கதை அப்பா அம்மாவுக்குப் பிறகு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று நீ சத்தியம் செய்திருந்தாய். நானும் தலையை ஆட்டியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இடது பக்கமிருந்து யாரோ எதையோ கேட்க, நான் சிரித்துக்கொண்டே தலையாட்டப்போய், எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரானது தனிக் கதை. ஆனால் அன்று வீட்டில் யாருமில்லை. அந்தப் பக்கமும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டது. 'ஆம்' என்று தட்டிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது, அக்கா. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரைதான்.

பிறகுதான் உறைத்தது. உலகமே வந்து போகிற இடத்தில் இதையா எழுதி வைப்பேன்? மறுநாள் காலையில், 'உங்கள் பக்கத்தைப் பலர் பார்த்திருக்கிறார்கள்' என்று தளத்திலிருந்து சேதி வேறு. கலக்கத்தோடு படியிறங்கினால், மாடிவீட்டுக்காரர் என்னைக் கண்டதும் தொண்டை கிழிய, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"பார்த்துட்டீங்களா?" என்றேன்.

"எதை சார்?"

"என் காதை."

அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு!" என்றார். அவர் வீட்டில் சுவரைத் துளைக்கிற இரைச்சலில்தான் மனிதர் கத்தியிருக்கிறார். அது எனக்கு விளங்குவதற்குள் பொன்னுக்கு வீங்கியில் ஆரம்பித்து முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். அதே இரைச்சலில் நானும் கத்த வேண்டியிருந்ததால் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிட்டது.

அன்று மத்தியானமே குழாய்ச் சாமான் கம்பெனி ஒன்றின் மேனேஜர் அம்மாவிடமிருந்து இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. அந்த மேனேஜர் அம்மாவும் படித்திருப்பார், திருடன்போல எதிரே போய் உட்காருவதா என்று நானே முந்திக்கொண்டு போன் போட்டேன்.

"மேடம், அந்தக் காது விஷயம்..."

"எந்தக் காது சார்? அந்த மாதிரித் தகவலெல்லாம் எங்களுக்கு வராதே! நீங்க சொல்லித்தான் தெரியுது. சரி, நேர்ல வரும்போது நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தா உங்களுக்கு வசதி?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, அக்கா. போனைப் பிடித்தபடியே துண்டைத் தேடிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஹலோ, கேட்குதா? கேட்குதா?" என்று அவர்தான் பதறிப்போனார்.

சாயங்காலம் மகள் நடந்ததைக் கேட்டு, தளத்தில் போட்டிருந்த விளக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அப்பா, இதை உங்க பேரோட யாருக்கும் காட்டமாட்டாங்க. எல்லாருடைய பதிலையும் மொத்தமாச் சேர்த்து, எந்த மாதிரி ஆளுங்களுக்கு வேலைச் சேதி ஒழுங்காப் போகுது, யாரு விட்டுப்போறாங்கன்னு பார்க்கத்தான் கேக்கறாங்க. வேணாம்னா எப்ப வேணாலும் அழிச்சுக்கலாம். இப்ப ஊரைக் கூட்டிச் சொன்னது நீங்கதான்!"

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே சொன்னாள்: "இதுல என்ன ரகசியம்? கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க அக்கா சொல்லிட்டாங்களே. 'அவனுக்கு வலது பக்கமா நின்னுக்கோம்மா, இல்லாட்டி நீ சொல்றதுக்கெல்லாம் தலையை ஆட்டிட்டுப் போயிடுவான்'னு."

பஸ்ஸில் ஒரு நாள் ஜன்னலோரம் வேண்டும் என்பாள், இன்னொரு நாள் வேண்டாம் என்பாள். நிலையில்லாத புத்தி என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் அவள் என் வலது பக்கம்தான் இருந்திருக்கிறாள்.

ஆகவே, சத்தியத்தை மீறிய உனக்கு என் கடுமையான கண்டனம். அதைச் செய்ததற்குக் கோடி நன்றி. அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர்கிறேன். அவர்கள் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி பின்னால் வரும்போது ஹாரனோடு விளக்கும் எரிகிற மாதிரி வைத்துத் தருகிறார்களாம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். என்னைத் திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. ஒரு சொல்கூட விடாமல் கேட்டுக்கொள்வேன்.

அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் மகள் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். "அப்பா, நீங்க 'ஆம்'னு போடவே இல்லப்பா. கீழே இருக்கிற 'சொல்ல விரும்பவில்லை'யைத் தட்டியிருக்கீங்க!" ஆக, என் காது விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்தத் தளத்துக்கு மட்டும்தான் தெரியாது. மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, இந்த முறை சரியாகப் பார்த்து 'ஆம்' என்றே தட்டினேன். அவர்கள் கூட்டுகிற கணக்கில் நானும் ஒருத்தனாக இருந்துவிட்டுப் போகிறேன்.