அரிசோனாவில் மாமி வாய் திறந்த கதை

கட்டிய மனைவியைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். கனடாவில், ஸ்காபரோவில் இந்தக் கதை தெரிந்தவர்கள் என் மறதிதான் காரணம் என்கிறார்கள். அது தவறு. காரணம், மாமியார் மீது நான் வைத்திருந்த மரியாதை.

(விளக்குகிறேன். விளக்க விளக்க இன்னும் மோசமாகத்தான் தெரியும். ஆனாலும் விளக்குகிறேன்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பக்டரியில் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமி தன் மகள் சாந்திக்குப் பார்த்து வைத்திருந்தது பிக்கரிங்கில் சொந்த வீடு வைத்திருந்த ஒரு கணக்காளரை. சாந்தி கட்டியது என்னை. அன்றிலிருந்து மாமி என்னோடு நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. வோபர்னில் ஒரே அப்பார்ட்மென்டில்தான் மூன்று பேரும் இருந்தோம். எனக்குச் சொல்ல வேண்டியதை மாமி சாந்தியிடம் சொல்வார், சாந்தி எனக்குச் சொல்வாள். நான் எதிரிலேயே சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாலும் அதுதான் முறை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு அவரிட்டைக் கேள், பிள்ளை."

"அம்மா சோறு போடட்டோ எண்டு கேக்கிறா."

"காணும், இனி வேண்டாம் எண்டு சொல்லும்."

மூன்று வருடம் இப்படியே போனது. மாமியின் குரல் கேட்டால் என் காது தானாக மூடிக்கொள்ளும், சாந்தியின் குரலுக்குத்தான் திறக்கும். மாமி மகளிடம் சொன்னதற்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அது மரியாதைக் குறைவு. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மாமி ஒருதரம், ஒரே ஒருதரம், என் முகத்தைப் பார்த்து 'தம்பி' என்று கூப்பிட வேண்டும்.

அந்தக் குளிர்காலம் பக்டரியில் இரண்டு மாதம் வேலை இல்லை என்றார்கள். மாமிக்கோ குளிரில் முழங்கால் மடக்க முடியவில்லை. கூட வேலை செய்த போலந்துக்காரன் ஒருவன், தன் சித்தப்பா ஒவ்வொரு குளிர்காலமும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் ஒரு வான் வண்டிக்குள் குடியிருக்கிறார், நல்ல வெயில், வாடகையும் இல்லை என்றான். எனக்கு மூளை பிரகாசமாக வேலை செய்தது. வெயிலில் முழங்கால் இளகும், முழங்காலோடு மனமும் இளகும். பேக்கரி ஒன்று கழித்துவிட்ட பழைய வானை வாங்கி, உள்ளே பலகை அடித்து, மெத்தை போட்டு, மாமியின் புத்தம்புதுக் கனேடியப் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஐந்து நாள் ஓட்டம்.

வானில் குடியிருப்பது சுதந்திரம் என்று சொல்பவர்கள் மாமியாரோடு இருந்து பார்த்தவர்கள் அல்ல. முதல் நாளே மாமி தன் சேலை ஒன்றைக் குறுக்கே கட்டிவிட்டார். திரைக்குப் பின்னால் மெத்தையில் தாயும் மகளும். முன்னால் இரண்டு சீற்றுக்கும் நடுவே விலாவில் ஹேண்ட்பிரேக் குத்த நான். மலசலகூடம் என்பது தூரத்துப் புதர்ப் பற்றை, மறைப்புக்கு ஒரு குடை. குளிப்பதற்கு ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கே ஒன்றுவிட்ட ஒரு நாள் பக்கத்து ஊருக்கு வான் ஓட்ட வேண்டும்.

பாலைவனம் வந்து சேர்ந்த நான்காம் நாள் மாமி வானை விட்டு இறங்கி, சூரியனை நிமிர்ந்து பார்த்தார். கனடா வந்தபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"பிள்ளை, உந்த வெயிலைச் சும்மா விடக்கூடாது. மோர்மிளகாய் போடுவம்."

ஊருக்குள் ஒரு மெக்சிக்கன் கடையில் ஐந்து கிலோ பச்சைமிளகாயும் வாளி நிறையத் தயிரும் வாங்கினோம். இரவில் மிளகாய் உப்புத் தயிரில் ஊறும் (அந்த மணத்தோடுதான் நான் படுத்தேன்). பகலில் வானின் கூரைமேல் பழைய சேலை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துக் காயப் போடுவோம். ஏறிப் பரப்புவது என் வேலை. நான் பரப்பிய விதத்தைப் பார்த்து மாமி, "பரவாயில்லை எண்டு சொல்லு" என்றார். எனக்கு அன்று சாப்பாடே தேவைப்படவில்லை.

மிளகாய் காயப் போட்ட மூன்றாம் நாள். காலையில் மிளகாயை மேலே பரப்பிவிட்டு, மெதுவாக ஓட்டினால் கல் தாங்கும் என்ற நம்பிக்கையில், தண்ணீர் எடுக்கப் போவதற்காகச் சீற்றில் ஏறினேன். பின்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. சாந்தி உள்ளே ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். உண்மையில் அவள் குடையோடு இறங்கிப் போயிருந்தாள். வானை எடுத்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல்.

"ஆரையோ விட்டிட்டு வந்திட்டம் போலை கிடக்கு."

கேட்டது. காதில் விழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சாந்தி திருப்பிச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"வானைத் திருப்பினால் நல்லது."

அதையும் சாந்தி சொல்லவில்லை. எனக்குப் பூரிப்பு. மூன்று வருடத்தில் முதல்முறையாக என் மனைவி தாயின் பேச்சைக் கடத்தாமல் என் பக்கம் நிற்கிறாள். அந்தச் சந்தோசத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பின்னால் அகப்பையால் தகரத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. சட்டி உருளுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

திரை கிழிந்தது. மாமியின் முகம் என் காதருகே.

"டேய் விசரா, நிப்பாட்டடா வானை. என்ரை பிள்ளையை விட்டிட்டு வந்திட்டாய்."

பிரேக்கை மிதித்தேன். கூரையிலிருந்த சேலையும் கல்லும் மிளகாயும் முன்கண்ணாடி வழியே சரிந்து இறங்க, வானுக்குள் இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் எனக்கு முதலில் வந்த எண்ணம், வெட்கத்தோடு சொல்கிறேன், சாந்தியைப் பற்றியது அல்ல. மாமி என்னோடு பேசிவிட்டார் என்பதுதான்.

இரண்டாவது எண்ணம்தான் சாந்தி. இறங்கிக் கண்ணாடியிலிருந்த சேலையை இழுத்தெறிந்துவிட்டு வானைத் திருப்பினேன். எல்லாப் பற்றையும் ஒரே மாதிரி இருந்தது. மாமி முன்சீற்றுக்கு வந்து வழி காட்டினார். "இடப்பக்கம் போ. உது இல்லை, மற்றப் பத்தை."

சாந்தி தயிர்வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குடையைப் பிடித்தபடி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் இறங்கி ஓடினேன்.

"நான் உள்ளை இல்லை எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

"அம்மா சொன்னவா."

"ஆருக்கு?"

"எனக்கு."

"நேரையோ?"

என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். என்னைத் திட்ட வைத்திருந்ததையெல்லாம் மறந்து, குடை கைநழுவ அவள் சிரித்தாள். மாமி வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு பாதை நெடுக நான் குனிந்து மிளகாய் பொறுக்கினேன். மாமி வான் படியில் நின்று, "தம்பி, அங்கை ஒண்டு கிடக்கு. தம்பி, கல்லுக்குப் பின்னாலை பார்" என்றார். பொரித்துச் சாப்பிட்டபோது பல்லுக்குள் மணல் நறநறத்தது. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அன்று திறந்த வாயை மாமி என்னளவில் பிறகு மூடவேயில்லை. நானும் சாந்தியும் கோபித்துக்கொண்டு பிள்ளைகள் மூலம் பேசும் நாட்களில் சமையல் நடக்கும் குசினியிலிருந்து மாமியின் குரல் வரும், "ஆரையோ விட்டிட்டு வந்திட்டம் போலை கிடக்கு." யார் முறைத்துக்கொண்டிருந்தாலும் உடனே பேசியாக வேண்டும். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

போன வருடம் மாமி போய்விட்டார். எல்லாம் முடிந்து, சுடலையிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒருவரும் பேசவில்லை. பின்சீற்றிலிருந்து என் மகள், கனடாவில் பிறந்தவள், அம்மம்மாவின் இழுவையிலேயே மெதுவாகச் சொன்னாள்.

"ஆரையோ விட்டிட்டு வந்திட்டம் போலை கிடக்கு."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். இந்த முறை எனக்கு யாரும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.