விரதகாலத்து விஸ்கி

குடிக்காமலே ருசி சொல்லும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் குருக்கள்மடம் என்ற ஊரில் அந்த இனத்துக்குப் பெயர் வினாயகமூர்த்தி, ஓய்வுபெற்ற நில அளவையாளர். யப்பானில் வேலை செய்யும் மருமகன் நிலோஜன் மூன்று வருடத்துக்கு முன் கொடுத்த விஸ்கிப் போத்தல் ஒன்று, அவர் வீட்டு ஷோகேஸில், கலியாணப் படத்துக்கும் மேல்தட்டில், சீல் உடையாமல் வீற்றிருக்கிறது.

அதை எடுத்துக் காட்ட அவர் பார்த்திருப்பது வைகாசியை. கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, ஊரே மச்ச மாமிசமும் மதுவும் விட்டு விரதம் இருக்கும் நாட்களில்தான் மனிதரின் விருந்தோம்பல் பொங்கி வழியும். போகிறவர் வருகிறவரையெல்லாம் இருத்தி, போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டி, நூறு வருடத்துக்கு முன் ஒரு யப்பான் இளைஞர் ஸ்கொட்லாந்துக்குப் போய்த் தொழில் பழகிக் குறிப்புக் கொப்பியோடு திரும்பியதில் தொடங்கி, யுத்தகாலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் கிடைக்காமல் தங்கள் காட்டு மரத்திலேயே பீப்பாய் செய்ததையும், அது ஒழுகியதையும், ஒழுகினாலும் வருடக்கணக்கில் கிடந்து சந்தன வாசம் ஏறியதையும், பல பீப்பாய்ச் சரக்கை ஒருவர் மூக்கால் அளந்து கலப்பதையும் சொல்லித்தான் மூச்சு விடுவார்.

"முதல்ல தேன். மறுகா தோடம்பழத் தோல், அதான் ஒறேஞ்சு. கடைசியாச் சந்தனம் தொண்டைக்குள்ள நிண்டுதான் போகும். ஊத்தித் தரலாம், விரதமாப் போச்சே."

எல்லாம் பெட்டிக்குள் இருந்த கடதாசியும் போனில் பார்த்த வீடியோவும் தந்த ஞானம். ஒரு துளி நாக்கில் பட்டதில்லை. அது வெளியே தெரிந்தால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்பதுதான் அவருடைய பயம்.

இம்முறை லீவில் வந்த நிலோஜன் அந்தக் கதையை மூன்று தடவை பொறுமையாகக் கேட்டான். கோயில் சடங்கின் கடைசி நாளான திருக்குளிர்த்தி முடிந்த மறுநாள் மத்தியானம், பொரித்த இறாலோடும் விரதத்தில் கதை கேட்ட நாலு பேரோடும் வந்து நின்றான்.

"மாமா, விரதம் முடிஞ்சிது. போத்தல எடுங்க."

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, மனே."

"செவ்வாய் விரதம் எப்ப இருந்து பிடிக்கிறீங்க?" என்று கேட்டபடி மனைவி சீதேவிப்பிள்ளை ஆறு கிளாஸோடு வந்தாள்.

சீல் உடைந்தது. ஐந்து பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். வினாயகமூர்த்தி கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கினார். தேனா? தோடம்பழமா? ஒன்றும் நினைவில் வரவில்லை, அவ்வளவு ருசி. மூன்று வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லாரிக்கு," என்றார் கடைசியில். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

போத்தல் காலி. இப்போது யார் கேட்டாலும் அந்த 'நல்லாரிக்கு' என்ற ஒரு சொல்தான் அவர் வாயில் வருகிறது. கதை கேட்க யாரும் வருவதுமில்லை.

இனி உங்கள் பாடு. ஒழுகும் பீப்பாய், தோடம்பழத் தோல், சந்தன வாசம் எல்லாம் உங்களுக்கும் தெரிந்துவிட்டது. நாளைக்கு யாரிடமாவது சொல்லாமல் இருக்கப் போகிறீர்களா? சொல்லுங்கள். கேட்பவர் விரதமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.