பல் டாக்டரின் திங்கட்கிழமை முழுவதும் என் வசம் வந்த விவரம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் கடைவாய்ப் பல் இரண்டு நீங்கலாக. அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். மெயிலில் அனுப்பாமல் பேப்பரில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். என் மெயிலுக்குப் பாஸ்வேர்டு போட்டுத் தருவதே என் மகள்தான். அவளைப் பற்றி எழுத அவளிடமே சாவி வாங்கக் கூச்சமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் அவளுக்காக வைத்திருப்பதாகச் சொன்ன வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். போன மாதம் நீங்கள் கேட்டபோது "யோசிச்சு சொல்றேன் மாமா" என்றாளே, அது மரியாதைக்குச் சொன்னது. போனை வைத்ததும் என்னிடம் சொன்னது வேறு. "மாமா கம்பெனில பண்ற வெப்சைட்டு திறக்கறதுக்குள்ள ஒரு குளியல் போட்டுட்டு வந்துடலாம்ப்பா. ஒரு பல் டாக்டருக்கு என்ன வேணும்? யார் வர்றாங்க, எப்ப வர்றாங்க, என்ன வலி. இந்த மூணைக் கேக்க ஒரு லாரி சாமான் எதுக்கு?" என்றாள். இந்தத் தொழிலில் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து இருப்பதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்களாம், கேட்டால் போன தடவை கட்டியது பழசு என்கிறார்களாம், உள்ளே குடியிருக்கிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லையாம். இப்போது மிஷினே எழுதித் தருகிறதாமே என்று பேப்பர் படித்த தெம்பில் கேட்டேன். "தருதுப்பா. நம்ம மாடி வீட்டுக்காரர் மாதிரி. எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லவே சொல்லாது" என்றாள். இதையெல்லாம் உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் படித்தாலும் படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை சும்மா இருப்பாளா? "தனியா வேலை பார்க்கறேன்னு லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா ஆச்சா? இப்ப ஒரு கிளினிக்குக்கு சைட்டு பண்ணிக்கிட்டிருக்கியே, அந்தப் பல் டாக்டர் மிச்சமிருக்கற ரெண்டு கிளினிக்கையும் உன்கிட்ட குடுத்தா உன் இஷ்டம். குடுக்கலைன்னா மாமாகிட்ட போயிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மகளும் சரி என்றாள். ஆகக்கூடி, என் பெண்ணின் சுதந்திரம் மொத்தமும் ஒரு பல் டாக்டர் கையில். அந்தக் கையைத் தட்டிவிட்டவன் நான்.

எப்படி என்கிறீர்களா? எந்தச் சைட்டைக் கொடுப்பதற்கு முன்பும் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அவள் பின்னால் நின்றுகொள்வாள். நான் எதையும் கேட்கக்கூடாது, அவள் எதையும் சொல்லமாட்டாள். நான் முழிக்கும் இடத்தையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்வாள். பத்தாவதில் கணக்குப் பாடமும் நானும் சுமுகமாகப் பிரிந்துகொண்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். "நீங்க போய்ச் சேந்துட்டா யார் வேணா போய்ச் சேந்துடலாம்ப்பா" என்பாள். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நாலு வருஷமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறேன். இந்தப் பரீட்சைக்கென்று சைட்டின் நகல் ஒன்று தனியாக வைத்திருப்பாள், அதில் நான் என்ன கூத்தடித்தாலும் யாருக்கும் சேதமில்லை. பல் டாக்டர் சைட்டிலும் பாஸானேன். சனிக்கிழமை அதை எல்லோருக்கும் திறந்துவிட்டு, "முடிஞ்சுதுப்பா. இது நிஜம், இனிமே தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

என் கைபட்டு வளர்ந்த சைட்டு, எப்படித் தொடாமல் இருப்பது? வழக்கம்போல பேர் என்ற இடத்தில் 'அப்பா', போன் நம்பருக்கு ஒன்று ரெண்டு மூணு, வலி என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டுப் பதிவு பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மச்சான், நான் முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவன். பட்டன் எரியாவிட்டால் எரிகிறவரை அழுத்துவதுதான் எங்கள் படிப்பு. லிப்டில் எத்தனை முறை அழுத்தினாலும் வருவது ஒரே லிப்ட்தான். இவர்கள் உலகத்தில் அப்படியில்லையாம். அன்றைக்கென்று நெட் வேறு நொண்டிக்கொண்டிருக்க, அழுத்திய ஒவ்வொரு முறைக்கும் அடுத்த அரைமணியைச் சத்தமில்லாமல் எனக்கே ஒதுக்கிக்கொண்டு போயிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை டாக்டருக்குப் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் அப்பா. ஒருவருக்கும் வலி இல்லை.

திங்கள் மதியம் டாக்டர் போன் பண்ணினார். "யாரும்மா இந்த அப்பா? வலியோட வந்தவங்களையெல்லாம் இடமில்லைன்னு திருப்பி அனுப்பியாச்சு. நானும் நர்ஸும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்." மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கிளினிக்குக்கே போய்விட்டேன். வரவேற்பில் இருந்த பெண் பேர் கேட்டாள். அப்பா என்றேன். கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டரை மணி அப்பாவா சார், மூணு மணி அப்பாவா?" என்றாள். உள்ளே போய் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாயை டாக்டர் மூட விடவில்லை. விளக்கை இழுத்து, "வலி இல்லைன்னு போட்டிருக்கீங்க, இங்க ரெண்டு போயிருக்கே" என்றார். என் பெண்ணுக்காக நான் வாதாடியதெல்லாம் அவருடைய குட்டிக் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. கடைசியில், "யோசிச்சு சொல்றேன்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை, "ரிட்டயராகி எத்தனை வருஷமாச்சு, இன்னும் உங்க விரலுக்குப் பட்டன் கேக்குதா?" என்று பிடித்துக்கொண்டாள். மகள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "தப்பு உங்க மேல இல்லப்பா. ஒரு தடவை அழுத்தினதும் அந்தப் பட்டன் அடங்கிடணும். அதை நான் எழுதாம விட்டுட்டேன்" என்றாள். நாலைந்து வரி எழுதிச் சரிசெய்தாள். நடந்ததை நடந்தபடி டாக்டருக்கு எழுதி அனுப்பினாள். லேப்டாப்பை மூடிவிட்டு, "மாமாகிட்ட வரேன்னு சொல்லிடுங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

ஆகையால் மச்சான், அந்த இடத்தை அவளுக்கே வைத்திருங்கள். ஜன்னல் பக்கமாக இருந்தால் நல்லது. 'இதை இன்னும் சின்னதா பண்ணலாமே' என்று அவள் அடிக்கடி சொல்வாள், அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அங்கே சொல்லிவையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு என் ஆசி, கூடவே பல்லை ஒழுங்காகத் தேய்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் டாக்டர் போன் பண்ணினார். முன்பு அவருக்குச் சைட்டு செய்த பெரிய கம்பெனி, அந்தச் சைட்டு ஒரு மாதம் படுத்துக் கிடந்ததற்குப் பதினெட்டுப் பக்கத்தில் விளக்கம் அனுப்பியதாம், அதில் தப்பு யாருடையது என்று கடைசிவரை இல்லையாம். இவள் முதல் வரியிலேயே தப்பு என்னுடையது என்று எழுதியிருந்தாளாம். மிச்ச ரெண்டு கிளினிக்கும் இவளுக்கே. அவருடைய நண்பர்கள், ஒரு கண் டாக்டர், ஒரு எலும்பு டாக்டர், அவர்களும் வரப்போகிறார்களாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை, மனசு வரவில்லை. இனி அவளால் தனியாகச் சமாளிக்க முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். "எங்க அண்ணனும் அங்கேயே எத்தனை நாளைக்குத்தான் இருப்பாரு, அவரையே கேளுங்களேன்" என்கிறாள் உங்கள் தங்கை. மகளிடம் பேசிப் பார்த்தேன். உங்கள் வயது ஒரு தடையே இல்லையாம். முன் அனுபவம்தான் கொஞ்சம் இடிக்கிறதாம்.